பூஜைத் தேதி

நாலு மணிக்குள் ஆடிட்டருக்குப் பதில் போயாக வேண்டும், இப்போது மணி இரண்டே முக்கால். அவர் கேட்டிருப்பது ஒரே ஒரு தேதி. தகட்டை அடித்து வளைக்கிற ஏழாம் நம்பர் பிரஸ் எந்தத் தேதியிலிருந்து பயன்பாட்டுக்கு வந்தது, அதை எழுதி, கணக்குப் பொறுப்பாளர் என்று கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து அனுப்பினால் போதும். பதினோரு வருஷமாக இதைப்போல எத்தனை எழுதியிருப்பாள், கணக்கே இல்லை. மேஜை நாற்காலிக்குப் பத்து சதவீதம், இயந்திரத்துக்குப் பதினைந்து, கம்ப்யூட்டருக்கு நாற்பது, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சாந்தாமணி சொல்வாள். வாங்கின வருஷத்தில் நூற்றெண்பது நாளாவது ஓடியிருந்தால் தேய்மானம் முழுசாகக் கிடைக்கும், ஒரு நாள் குறைந்தாலும் பாதிதான், அதுவும் மனப்பாடம். அக்டோபர் மூன்றாம் தேதி அந்த எல்லைக்கோடு. ஏழாம் நம்பர் நாற்பத்திரண்டு லட்ச ரூபாய் பிரஸ். அக்டோபர் மூன்றுக்குள் ஓடியது என்று எழுதினால் ஆறு லட்சத்து முப்பதாயிரம் கழிக்கலாம், பதினோராம் தேதி பூஜை போட்டு ஓடியது என்று எழுதினால் மூன்று லட்சத்துப் பதினைந்தாயிரம். ஆடிட்டர் பாவம், நல்ல எண்ணத்தில் கேட்கிறார். ஆகஸ்டிலேயே இறங்கின மெஷினை அக்டோபர் வரைக்கும் துணி போட்டு மூடியா வைத்திருந்தீர்கள், முன்னாடியே ஓடியதற்கு ஏதாவது சீட்டு இருந்தால் கொடுங்கள், வரியில் தொண்ணூறாயிரம் மிச்சமாகும் என்று காலையில் போனில் சிரித்தார். மத்தியானம் முதலாளி நாச்சிமுத்து பொள்ளாச்சிக்குக் கல்யாண வரவேற்புக்குப் புறப்படும்போது படியில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார். "பூசை தேதியே இருக்கட்டும் அம்மணி." ஆற்றில் போட்டாலும் அளந்துதான் போட வேண்டும் என்று ஒரு கிலோ தகட்டுக் கழிவுக்கு இரண்டு எடை போடுகிற மனிதர், தொண்ணூறாயிரத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் விட்டுவிட்டுக் காரில் ஏறினார். ஏன் என்று அவள் கேட்கவில்லை. ஏன் என்று அவளுக்குத் தெரியும்.

செப்டம்பர் பத்தொன்பதாம் தேதி அந்த ஏழாம் நம்பரில்தான், அதை ஓட்டிக்கொண்டிருந்த சென்னியப்பனுடைய வலது கையில் மூன்று விரல் போனது. தொழிலாளர் அலுவலகத்தில் நஷ்டஈட்டு வழக்கு நடக்கிறது, வருகிற திங்கட்கிழமை விசாரணை. அந்தத் தேதியில் எங்கள் பிரஸ் ஓடவே தொடங்கவில்லை, பூஜை போட்டதே அக்டோபர் பதினொன்று, அந்த ஆள் வேறு எங்கேயோ கையை விட்டுவிட்டு வந்து எங்கள் மேல் பழி போடுகிறான், அவன் பெயர் எங்கள் ஆள் பட்டியலிலேயே இல்லை என்று முதலாளியின் வக்கீல் எழுதிக் கொடுத்திருக்கிறார். சாட்சியாக அவர் இணைத்திருப்பது இயந்திரப் பதிவேட்டின் ஒரு பக்கம். அந்தப் பக்கத்தில் இருப்பது சாந்தாமணியின் கையெழுத்து, ழகரத்தின் வாலைக் கொஞ்சம் நீட்டி எழுதும் அவளுடைய எழுத்து, யாரும் அவளை மிரட்டி எழுத வைத்தது இல்லை. அதைத்தான் மூன்று மாதமாக அவள் திரும்பத் திரும்ப நினைக்கிறாள். யாராவது மிரட்டியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். அவளாக எழுதினாள். இந்தக் கம்பெனியில் எந்த மெஷின் வந்தாலும், பூஜை எப்போது என்று கேட்டு அந்தத் தேதியைத்தான் பதிவேட்டில் எழுதுவது. தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, சந்தனம் பூசாத வரைக்கும் மெஷின் விருந்தாளி, வீட்டு ஆள் ஆகாது. அது வரைக்கும் எத்தனை ஆயிரம் பீஸ் அடித்தாலும் அதற்குப் பெயர் ட்ரையல். கம்ப்ரஸருக்கு அப்படித்தான் எழுதினாள், ஆறாம் நம்பருக்கும் அப்படித்தான், கீழே கேன்டீனில் வைத்த கிரைண்டருக்குக்கூட வெள்ளிக்கிழமை பார்த்து எழுதினாள். தப்பென்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

மேஜை அதிர்ந்தது. கீழே ஏழாம் நம்பர் இறங்குகிறது, டம்ளரில் இருந்த தண்ணீர் நடுங்கி நின்றது, மறுபடியும் நடுங்கியது. மற்ற ஆறும் அடிப்பது இந்த அறையில் வெறும் சத்தம், இது ஒன்றுதான் காலுக்கடியில் வந்து தட்டும். மூன்று வினாடிக்கு ஒன்று. விரல் போன அன்றைக்கு இதே நாற்காலியில் உட்கார்ந்து பில் போட்டுக்கொண்டிருந்தபோது பதினொன்றே காலுக்கு அதிர்வு நின்றது, டீ சீக்கிரம் வந்துவிட்டது போல என்று நினைத்தாள். அலறல் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும், மூன்று விரல் போன மனிதன் அலறாமலா இருப்பான், ஆனால் நூறு தடவை நினைவைக் கிளறிப் பார்த்தும் அவளுக்கு அந்த அமைதி மட்டும்தான் வருகிறது. டீயை எதிர்பார்த்துக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தாள். ஜன்னலுக்கு வந்தபோது ஆம்னி வேன் கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது, பின் சீட்டில் சென்னியப்பன், கையைச் சுற்றி மெஷின் துடைக்கிற பனியன் வேஸ்ட், அது வெள்ளையாக இல்லை. இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை ஒன்றாக அமுக்கினால்தான் இறங்கும்படி செய்த மெஷின் அது. இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் விரல் எப்படி உள்ளே போகும்? மோட்டார் கம்பெனி ஆர்டர் தலைக்கு மேல் இருந்தது, ஒரு கை சும்மா இருந்தால் அந்தக் கையால் தகட்டைத் தள்ளலாம், மணிக்கு நூறு பீஸ் கூடும் என்று ஒரு பொத்தானில் மரச்சில்லைச் செருகி டேப் ஒட்டிவிட்டார்கள். ஒட்டியவர் சூப்பர்வைசர் அர்த்தநாரி. ஒட்டச் சொன்னவர் யார் என்று யாரும் கேட்டதில்லை. பன்னிரண்டு மணிக்கு மெஷின் மறுபடியும் ஓடியது, மேஜை மறுபடியும் அதிர்ந்தது, இவளும் விட்ட பில்லிலிருந்து தொடர்ந்தாள். பூஜை போடாமல் ஓட்டினீர்கள், அது காவு வாங்கிவிட்டது என்று கேன்டீனில் பேசிக்கொண்டார்கள். மரச்சில்லைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. சாமி மேல் போட்டுவிட்டால் எவ்வளவு சௌகரியம், சாமி தொழிலாளர் அலுவலகத்துக்கு வந்து மறுத்துப் பேசப்போவதில்லை.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கம்பெனியைச் சுத்தம் செய்தார்கள். பழைய காகிதமெல்லாம் கட்டுக்கட்டாகக் கீழே இறங்கியது, அதோடு ஆகஸ்ட், செப்டம்பர் ஜாப் கார்டுகளும் பழைய பேப்பர் கடைக்குப் போயின. எந்த மெஷினில் எந்த ஆள் எத்தனை பீஸ் என்று தினமும் அவள் எழுதி வைத்த கார்டுகள். வழக்கமாகப் போன வருஷத்துக் கட்டைத்தான் போடுவார்கள், இந்தத் தடவை புதுசும் சேர்ந்து போயிருக்கிறது, அவள் அதைக் கவனித்தாளா? கவனித்தாள் என்றுதான் தோன்றுகிறது. அப்புறம் மறுநாள் பொரி, கடலை, சுண்டல், கேட் வாசலில் பூசணிக்காய். ஏழாம் நம்பருக்கு மட்டும் பெரிய மாலை, சிவப்புத் துணி. இடது கையில் சுண்டல் தொன்னையை வைத்துக்கொண்டு வலது கையால் பதிவேட்டைத் திறந்து அக்டோபர் பதினொன்று என்று எழுதினாள், மேஜையில் விழுந்த ஒரு கடலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். சென்னியப்பன் அப்போது ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து நாலு நாள். அவன் நினைப்பு வரவே இல்லை. நினைப்பு வந்து எழுதியிருந்தால் அவள் பாவி, வராமல் எழுதினதால் அவள் யார்? நவம்பரில் வக்கீல் அந்தப் பக்கத்தைக் கேட்டபோது அவளேதான் ஜெராக்ஸ் எடுத்தாள், பச்சை வெளிச்சம் கண்ணாடிக்கடியில் ஊர்ந்து போய்த் திரும்பியது, தாள் சூடாக வெளியே வந்தது, அதைக் கையில் வாங்கின போதுதான் தான் என்ன எழுதியிருக்கிறோம் என்று புரிந்தது.

மணி மூன்று பத்து. அலமாரியில் சரக்கு அனுப்பின டெலிவரி சலான் புத்தகம் இருக்கிறது, அதை யாரும் பழைய பேப்பருக்குப் போடவில்லை, வரி இலாகா கேட்கும் என்ற பயத்தில் ஏழு வருஷம் வைத்திருப்பார்கள். செப்டம்பர் பன்னிரண்டு, மூவாயிரம் பிராக்கெட், கார்பன் நகல். அந்த பிராக்கெட்டை ஏழாம் நம்பரைத் தவிர வேறு எந்த பிரஸ்ஸாலும் அடிக்க முடியாது, அந்தக் கனத்துக்கு மற்றவை அசையவே அசையாது. ஆடிட்டருக்கு அந்த ஒரு சீட்டு போதும். வரிக் கணக்கில் செப்டம்பர் என்று ஏறிவிட்டால் தொழிலாளர் அலுவலகத்தில் அக்டோபர் என்று சாதிக்க முடியாது. போன வாரம் சென்னியப்பனின் மனைவி கோமதி பஸ் ஸ்டாப்பில் காத்திருந்து இதைத்தான் கேட்டாள். அவர்கள் வக்கீல் சொல்லி அனுப்பியிருக்கிறார், ஆடிட் கணக்கில் மட்டும் நிஜத் தேதி ஏறட்டும், மற்றதை நான் கேட்டு வாங்கிக்கொள்கிறேன் என்று. கோமதி அழவில்லை, கெஞ்சவில்லை, மாமனார் வீட்டில் இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்ததையும், அவன் இடது கையால் சாப்பிடும்போது சின்ன மகள் வெறித்துப் பார்ப்பதையும், பார்க்காதே என்று சொன்னால் இன்னும் பார்ப்பதையும் சொன்னாள். சட்டத்தில் விரலுக்கும் பட்டியல் இருக்கிறதாம். கட்டை விரலுக்கு முப்பது சதவீதம், ஒரு கையில் மூன்று விரலுக்கு முப்பது, நாலு போனால் ஐம்பது. சாந்தாமணிக்கு அதைக் கேட்டபோது கை தன்னால் பேனாவைத் தேடியது, சதவீதம் என்றதும் பெருக்கிப் பார்க்கிற புத்தி. சம்பளத்தில் பாதிக்கு மேல் ஒரு பங்கு, அதை வயதுக்கு என்று ஒரு எண்ணால் பெருக்க வேண்டும், வயது ஏற ஏற அந்த எண் இறங்கும். மெஷினுக்கும் அப்படித்தானே, பதினைந்து வருஷ ஆயுள், மூன்று ஷிப்ட் ஓட்டினால் அதிலும் பாதி. ஒரே அரசாங்கம், ஒரே மாதிரிக் கட்டம் போட்ட பட்டியல். எழுதிவிடுகிறேன் கண்ணு என்று கோமதியிடம் சொன்னாள். அப்போது சத்தியமாக அப்படித்தான் நினைத்தாள். பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது எல்லோரும் நல்லவர்கள்.

ஏழாம் நம்பர் முதல் பிராக்கெட்டை அடித்த நாள், செப்டம்பர் ஒன்பது என்று டைப் செய்தாள். திரையில் கட்டம் தானாகக் கணக்குப் போட்டு ஆறு லட்சத்து முப்பதாயிரம் என்று காட்டியது. அவ்வளவுதான், வானம் இடிந்து விழவில்லை. நெஞ்சில் இருந்த ஏதோ ஒன்று கொஞ்சம் நகர்ந்து மூச்சு உள்ளே போனது. சலானை எடுக்க எழுந்தாள், எழுந்தவள் அலமாரிக்குப் போகாமல் ஜன்னலுக்குப் போனாள், கீழே முதலாளியின் கார் நிற்கும் இடம் காலியாக இருந்தது, எண்ணெய்க் கறை மட்டும். ஒன்பது வருஷத்துக்கு முன் அவள் புருஷன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த அன்று அந்த இடத்திலிருந்துதான் அவர் காரை எடுத்தார். டிரைவரை எழுப்பவில்லை, அவரே ஓட்டினார், ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரை ஒரு பக்கம் அவரே பிடித்தார். மூன்றாம் நாள் காரியத்துக்கு வந்து, சாவகாசமாக வாங்க அம்மணி, சம்பளம் பாட்டுக்கு வந்துட்டிருக்கும் என்றார், இரண்டு மாதம் வந்தது. அதே கைதான். அதே மனிதர்தான். ஆம்னி வேனில் சென்னியப்பன் போன அன்று அவர் மாடிப்படியில் நின்று, அவனுக்கு ஈ.எஸ்.ஐ. போட்டிருக்கிறோமா என்று அவளிடம் கேட்டார், போடவில்லை என்றாள், நஷ்டஈடு முழுக்கக் கம்பெனி தலையில் என்று ஆனதும் அவர் முகம் மாறியது. இரக்கம் இறங்கிப் போய் வேறு ஏதோ ஏறியதை அவள் நேரில் பார்த்தாள், பார்த்துவிட்டு பில்லுக்குத் திரும்பினாள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்கிறார்கள். உப்பைத் தின்றவள் கணக்கில் அவர் பெயர் மட்டும் எழுதினால் போதுமா, பக்கத்து இலையில் விரல் கிடந்தால் பார்க்க வேண்டாமா? சீ, என்ன நினைப்பு இது. நாற்பத்தாறு வயதில் வெளியே போனால் யார் வேலை கொடுப்பார்கள், ஜி.எஸ்.டி. போடுகிற பிள்ளைகள் பத்தாயிரத்துக்கு வரிசையில் நிற்கிறார்கள், மகளுக்கு இன்னும் ஒரு வருஷப் படிப்பு. ஆனால் வேலையை நினைத்துப் பயப்படுவதைவிட, நாளைக் காலையில் அவர் வந்து, ஏனுங் அம்மணி, நீங்களா, என்று கேட்கப்போகிறாரே, அந்தக் குரலுக்குத்தான் அவள் அதிகம் பயந்தாள். திட்டுகிறவராக இருந்தால் பரவாயில்லை. அவர் திட்டமாட்டார்.

படியில் செருப்புச் சத்தம். அர்த்தநாரி வந்தார், கிரீஸ் ஒட்டின கையை முழங்கையோடு தூக்கிப் பிடித்தபடி, நாளைக்கு வேண்டிய தகட்டுக்கு ஆர்டர் போட்டாச்சா என்று கேட்டார். போட்டாச்சு என்றாள். அவர் போகவில்லை. திரையில் இருந்த தேதியை அவர் பார்த்துவிட்டார் என்று அவளுக்குப் பட்டது, பார்க்காததுபோல் மின்விசிறியைப் பார்த்தார், கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் அந்த மனிதர். திங்கட்கிழமை விசாரணைக்கு அவரையும் கூப்பிட்டிருக்கிறார்களாம்.

"நான் பாக்குலீங்கன்னு வக்கீலுகிட்டச் சொல்லிப்போட்டன் மணியக்கா. ஸ்டோர்ல இருந்தன்னு."

அவரே மறுபடியும் பேசினார். "டேப்பு ஒட்டுன கை எம்பட கைதானுங்க்கா. நெசத்தச் சொன்னா அவிக எம்மேல தான எழுதுவாங்க. நீங்களும் நானும் சொல்லி ஆவறதென்ன?"

நீங்களும் நானும். இறங்கிப் போன பிறகும் அந்த வார்த்தை அறையிலேயே நின்றது. அவர் கையும் தன் கையும் ஒரே வரிசையில் சேர்ந்துவிட்டதை நினைத்து முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது, அவன் மரச்சில்லு செருகினவன், நான் தேதி எழுதினவள், இரண்டும் ஒன்றா? அப்புறம் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. எல்லோரும் இப்படித்தான் இருக்கிறார்கள் என்பதில் ஒரு கதகதப்பு இருந்தது, வெட்கமாக இருந்தாலும் இருந்தது. மூன்று நாற்பது. ஒரு தேதியால் வழக்கு ஜெயித்துவிடுமா, அவர்கள் வக்கீல் கெட்டிக்காரராக இருந்தால் வேறு வழி பார்க்கமாட்டாரா, கரண்ட் பில் இருக்கிறது, பிரஸ்ஸை இறக்கி மாட்டின மெக்கானிக் இருக்கிறான், கேட்க வேண்டிய இடத்தில் கேட்டால் கிடைக்காதா, எல்லாம் என் ஒருத்தி தலையிலா? பூஜைத் தேதி எழுதுவது இந்தக் கம்பெனி வழக்கம், நான் என்ன புதுசாகவா எழுதுகிறேன்? எழுதினதைத்தான் மறுபடியும் எழுதுகிறேன். மாற்றி எழுதினால்தான் கேள்வி வரும், அப்போ போன தடவை எழுதினது பொய்யா என்று என்னைத்தானே கேட்பார்கள். நினைப்பு ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தது, ஒவ்வொரு சுற்றிலும் சென்னியப்பன் கொஞ்சம் தள்ளிப் போனான், முகம் மங்கியது, அவனுக்கு மீசை இருந்ததா இல்லையா என்றுகூட ஒரு கணம் சந்தேகமாகிவிட்டது. மேஜை அதிர்ந்தது. மேஜை அதிர்ந்தது. அவள் ஒன்பதை அழித்தாள். செப்டம்பரை அழித்தாள். அக்டோபர் பதினொன்று. கட்டம் கூசாமல் மூன்று லட்சத்துப் பதினைந்தாயிரம் என்றது. பிரிண்ட் எடுத்து, தலைப்பில் ஏழாம் நம்பர் என்று கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டாள், ழகரத்தின் வால் வழக்கம்போல நீண்டது. பதிவேட்டில் முதல் தடவை எழுதினதை, தெரியாமல் செய்தது என்று மூன்று மாதமாகத் தனக்குத் தானே சொல்லிச் சொல்லித் தூங்க முடிந்தது. இதை ஒரு மணி நேரத்துக்கு மேல் யோசித்து, சோறுகூடத் தின்னாமல் யோசித்து எழுதியிருக்கிறாள். ஸ்கேனரின் பச்சை வெளிச்சம் போய்த் திரும்பியது. அனுப்பினாள்.

நாலுக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது ஆடிட்டரே கூப்பிட்டார். சீட்டு ஒன்றும் கிடைக்கவில்லையா, சரி விடுங்கள், இதில் நஷ்டம் ஒன்றும் இல்லை, இந்த வருஷம் எடுக்காத பாதி மெஷின் மதிப்பிலேயே தங்கி, வருகிற வருஷங்களில் கொஞ்சம் கொஞ்சமாக வந்துவிடும், எங்கேயும் போகாது என்று ஆறுதல் சொன்னார். சரிங்க சார் என்றாள். சரிங்க சார் என்று இன்னொரு தடவையும் சொன்னாள். வைத்த கையோடு போன் மறுபடியும் அடித்தது. கோமதி. எடுக்காமல் இருக்கலாம், மூன்று தடவை அடித்தால் நின்றுவிடும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். கை எடுத்துவிட்டது.

"அக்கா, இன்னைக்குத்தான அனுப்போணும்னு சொன்னீங்க. நெசத் தேதியவே எழுதிட்டீங்களாக்கா?"

கீழே பிரஸ் இரண்டு தடவை இறங்கியது. இல்லை என்பது மூன்றே எழுத்து.

"எழுதிட்டன் கண்ணு," என்றாள் சாந்தாமணி.

அந்தப் பக்கம் கோமதி அழத் தொடங்கினாள், பஸ் ஸ்டாப்பில் அழாதவள். நீங்க நல்லாயிருக்கோணுங்க்கா, உங்க புள்ள நல்லாயிருக்கோணும், எங்களுக்குன்னு அந்தக் கம்பெனியில ஒருத்தராச்சும் இருந்தீங்களே என்று சொன்னாள். ஏனுங், மணியக்கா எழுதிட்டாங்களாம் என்று வீட்டுக்குள் திரும்பிச் சொன்னாள், அங்கே ஒரு ஆண்குரல் என்னவோ கேட்டது, ஒரு குழந்தை சிரித்தது. திரும்ப வந்து முதலிலிருந்து மறுபடியும் வாழ்த்தினாள். அவள் போனை வைக்கிற வரைக்கும் சாந்தாமணி காதிலிருந்து எடுக்கவில்லை.